டெல்டாவில் மாதச் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்களுக்கு ஓய்வூதியமும் காப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை என்று நம் பக்கத்தில் சாப்பாடு டெலிவரி, பைக் டாக்சி, கல்யாணப் போட்டோ, வீட்டிலிருந்தே டிசைன், மொழிபெயர்ப்பு, சமையல் கான்ட்ராக்ட் என்று பிழைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். இவர்களில் யாருக்கும் முதல் தேதி சம்பளம் வராது, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்க ஆள் கிடையாது. இவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விவரம் நிறைய வேண்டிய இடத்தில் பதில் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

கிக் தொழிலாளி என்றால் யார்? நான் அதில் சேர்த்தியா?

முதலாளி, ஊழியர் என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவரைச் சட்டம் கிக் தொழிலாளி என்கிறது. ஸ்விக்கி, ஸொமாட்டோ, ராபிடோ, ஊபர் போன்ற ஆப் வழியாக வேலை வாங்குபவர்களுக்குத் தளத் தொழிலாளி என்று தனிப்பெயர் இருக்கிறது. கும்பகோணத்தில் பை மாட்டிக்கொண்டு ஓடும் தம்பி இரண்டாவது வகை. மன்னார்குடியில் வீட்டிலிருந்தே லோகோ போட்டுக் கொடுக்கும் பெண் ஆப் மூலம் வேலை எடுக்கவில்லை என்றால் அவர் சுயதொழில் செய்பவர், அமைப்புசாராத் தொழிலாளி. பெயர் எதுவானாலும் கீழே வரும் திட்டங்களில் பெரும்பாலானவை இருவருக்கும் பொருந்தும். நல வாரியத்தில் எந்த வாரியத்துக்குப் போக வேண்டும் என்பதில்தான் வேறுபாடு வரும்.

நான் மூன்று வருடமாக ஒரே ஆப்பில் ஓட்டுகிறேன். அந்தக் கம்பெனி எனக்கு பிஎஃப் கட்ட வேண்டாமா?

இப்போதைய நிலையில் வேண்டாம். பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தின் ஊழியர்களுக்கானது. நீங்கள் அவர்கள் கணக்கில் ஊழியர் இல்லை, பார்ட்னர். பெயர் கௌரவமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிஎஃப், இஎஸ்ஐ (ஊழியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), பணிக்கொடை எதுவும் அந்தப் பெயரோடு வருவதில்லை.

இது மெல்ல மாறுகிறது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை ஒரு சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். ஆனால் அந்தத் தொகை, தொழிலாளர்களுக்கு அவர்கள் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாது. விபத்து, மருத்துவம், முதுமைக் காலப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு இந்த நிதி. நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் இது உங்கள் பெயரில் மாதாமாதம் ஏறும் பிஎஃப் கணக்கு அல்ல. இதை நம்பி நீங்கள் சேமிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, முதலில் எங்கே பதிவு செய்வது?

இரண்டு இடம். ஒன்று மத்திய அரசின் இ-ஷ்ரம், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான பதிவுத் தளம். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை உள்ள, பிஎஃப், இஎஸ்ஐ இல்லாத யாரும் பதியலாம், கட்டணம் கிடையாது. 12 இலக்க எண் கொண்ட அட்டை கிடைக்கும். 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில், ஆப் தொழிலாளர்களை இதில் பதிந்து, அடையாள அட்டை கொடுத்து, ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ப்பதாக அறிவித்தார்கள். அதனால் பதியும்போது தளத் தொழிலாளி என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல தம்பிகள் முன்பு "விவசாயக் கூலி" என்று பதிந்து அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசின் கிக் தொழிலாளர் நல வாரியம். 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரில் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. கட்டுமானம், தையல், ஆட்டோ என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வாரியங்களின் வரிசையில் இது சேர்ந்தது. பதிவு ஆன்லைனில்தான். சிக்கல் வந்தால் மாவட்டத் தலைநகரில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

பதியப் போகும்போது மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதல் இடம் போன் எண். ஆதாரோடு இணைத்த எண், வெளியூரில் வேலை பார்த்தபோது வாங்கிய சிம்மாக இருக்கும், அது செத்துப் பல வருடமாகியிருக்கும். ஓடிபி அங்கே போய்க்கொண்டே இருக்கும். முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இரண்டாவது இனிஷியல். ஆதாரில் "முருகேசன் எஸ்", பாஸ்புக்கில் "எஸ். முருகேசன்", ரேஷன் கார்டில் "முருகேசன் செல்வராஜ்". கம்ப்யூட்டருக்கு இது மூன்று ஆள். பணம் வரும்போது வங்கி திருப்பி அனுப்பும். மூன்றிலும் ஒரே எழுத்தில் இருக்கும்படி இப்போதே சரிசெய்யுங்கள். மூன்றாவது கைரேகை. நாற்று நட்ட கை, அரிவாள் பிடித்த கை, மிஷினில் பதியவே பதியாது. நாற்று நடப் போகும் அம்மாக்களுக்கு இது நடந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் கருவிழிப் பதிவு கேளுங்கள், அல்லது ஓடிபி வழியாகச் செய்யச் சொல்லுங்கள். "ரேகை விழலை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் திரும்பி வராதீர்கள், மாற்று வழி உண்டு என்று சொல்லுங்கள்.

வாரியத்தில் பதிந்தால் கையில் என்ன கிடைக்கும்?

விபத்து மரணம், ஊனம், இயற்கை மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், கண்கண்ணாடி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம். நல வாரியங்களின் வழக்கமான உதவிகள் இவை. 2025-26 மாநில பட்ஜெட்டில் 2,000 ஆப் தொழிலாளர்களுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியமும் அறிவித்தார்கள்.

இந்த உதவியெல்லாம் பதிவு நடப்பில் இருப்பவருக்குத்தான். விபத்து நடந்த மறுநாள் ஓடிப்போய்ப் பதிந்தால் ஒன்றும் கிடைக்காது. அதேபோல் காலாவதியான அட்டையைப் பீரோவில் வைத்திருந்தும் பயனில்லை. புதுப்பிக்க வேண்டிய தேதியை அட்டையின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

மழையில் வண்டி சறுக்கி விழுந்தால் எனக்கு என்ன பாதுகாப்பு?

நான் எல்லோரிடமும் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான், ஓய்வூதியம் அப்புறம். ஐப்பசி, கார்த்திகையில் திருவாரூர், நாகை சாலைகள் எப்படி இருக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு விபத்து ஐந்து வருடச் சேமிப்பைத் துடைத்துவிடும். காப்பீடு இல்லாமல் ஓய்வூதியத்துக்குச் சேர்த்தால் அந்தப் பணம் கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

வருடத்துக்கு 20 ரூபாய்க்கு பிரதமரின் சுரக்ஷா பீமா இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தாலோ, முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். சாலை விபத்து மட்டுமல்ல, பாம்பு கடித்து இறந்தாலும், மரத்திலிருந்து விழுந்து இறந்தாலும் உடனடி ஆஸ்பத்திரிப் பதிவு இருந்தால் கொடுப்பார்கள். வயல்வரப்பும் தென்னந்தோப்பும் உள்ள ஊரில் இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 436 ரூபாய்க்கு ஜீவன் ஜோதி பீமா. 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தால் 55 வரை தொடரலாம். எப்படி இறந்தாலும் 2 லட்சம். ஆனால் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து தவிர மற்ற மரணத்துக்குக் கிடையாது.

இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரைதான். மே கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அப்போது கணக்கில் 456 ரூபாய் இல்லை என்றால் பாலிசி நின்றுபோகும். வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வரலாம், நீங்கள் பார்க்காமலும் போகலாம். ஆப்பிலிருந்து பணம் ஏறியதும் அன்றே ஜிபேயில் காலி செய்கிற கணக்கில் இதை வைக்காதீர்கள். மே 20-ம் தேதிக்குள் 500 ரூபாய் போட்டு வைத்து, ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக்கில் பதிவு போட்டு இரண்டு தொகையும் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வண்டி இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது விபத்தானால் 15 லட்சம் வரை தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு, அவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். ஆனால் அது சொந்தக்காரருக்கு மட்டும். அண்ணன் பெயரில் இருக்கும் வண்டியைத் தம்பி ஓட்டி விழுந்தால் அந்தத் தொகை தம்பிக்கு வராது. ஆர்சி யார் பெயரில் என்று இன்றே பாருங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு: ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்றிதழ் வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் போட்டோ எடுத்துக் கார்டு வாங்க வேண்டும். சாலை விபத்து என்றால் கார்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கூட இருக்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது பேசப்போவது அவர்கள்தான்.

அடல் பென்ஷன், ஷ்ரம் யோகி மான்தன். இரண்டில் எது நல்லது?

இரண்டும் மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டங்கள். அடல் பென்ஷன் 2015-ல் தொடங்கியது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 60-லிருந்து மாதம் 1,000 முதல் 5,000 வரை, நீங்கள் தேர்ந்தெடுத்த தொகை வரும். அதற்கு மத்திய அரசு உத்தரவாதம். 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 கட்டினால் போதும். 25-ல் 376, 30-ல் 577, 35-ல் 902, 40-ல் 1,454. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று இந்த எண்களே சொல்கின்றன. நீங்கள் இறந்தால் அதே தொகை வாழ்க்கைத்துணைக்கு ஆயுள் முழுக்க வரும். அவரும் இறந்தால் 8.5 லட்சம் நாமினிக்கு. 2022 அக்டோபரிலிருந்து வருமான வரி கட்டுபவர்கள் புதிதாகச் சேர முடியாது.

ஷ்ரம் யோகி மான்தன் 2019-ல் வந்தது. மாத வருமானம் 15,000-க்குள் இருக்க வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ, என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) எதிலும் இருக்கக் கூடாது. 18 வயதுக்காரர் மாதம் 55, 29 வயதுக்காரர் 100, 40 வயதுக்காரர் 200 கட்டினால் அரசும் அதே அளவு போடும். 60-ல் மாதம் 3,000. இறந்தால் துணைக்கு அதில் பாதி. பொதுச் சேவை மையத்தில் ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுபோனால் சேர்ப்பார்கள்.

கட்டும் பணத்துக்கு அதிகம் தருவது மான்தன்தான், அரசும் பாதி போடுவதால். தகுதி இருந்தால் அதை எடுங்கள். ஆனால் துணைக்கு முழுத்தொகை, நாமினிக்குப் பெரிய தொகை என்பதால் குடும்பத்தோடு பார்த்தால் எனக்கு அடல் பென்ஷன்மேல் நம்பிக்கை கூடுதல். ஒன்று மட்டும்: அடல் பென்ஷனை நடுவில் உடைத்தால் நீங்கள் கட்டியதும் அதற்கான வட்டியும்தான் திரும்பும், உத்தரவாதம் போய்விடும். அவசரத்துக்கு எடுக்கிற பணத்தை இதில் போடாதீர்கள்.

மாதம் 5,000 பென்ஷன் வந்தால் போதுமே?

போதாது. இதை வலிக்கும்படியே சொல்கிறேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 30 வருடம் கழித்து வரும் 5,000 ரூபாய்க்கு இன்றைய 870 ரூபாயின் மதிப்புதான் இருக்கும். ஒரு சிலிண்டர் வாங்கினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் உத்தரவாதமான பென்ஷன் என்பது அடிமட்டம். அதற்கு மேல் நீங்களே கட்ட வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு எளிதானது பிபிஎஃப், அதாவது யாரும் தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதி. தபால் நிலையத்திலேயே தொடங்கலாம். ஆண்டுக்கு குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம், 15 வருடம். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதத்தில் நிற்கிறது. ஆண்டுக்கு 12,000 ரூபாயை ஒவ்வொரு ஏப்ரல் தொடக்கத்திலும் போட்டால், இதே வட்டி தொடர்ந்தால் 15 வருடத்தில் ஏறக்குறைய 3.25 லட்சம். அதோடு நிறுத்தாமல் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. தொழிலில் ஏற்ற இறக்கம் உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியும் என்றால் என்பிஎஸ். 2009-லிருந்து எல்லோரும் சேரலாம். பங்குச்சந்தையிலும் ஒரு பகுதி போவதால் நீண்ட காலத்தில் விலைவாசியை முந்தும் வாய்ப்பு கூடுதல், உத்தரவாதம் இல்லை. ஆண்டுக்கு 1,000 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். முன்பு 60 வயதில் 60 சதவீதம்தான் மொத்தமாக எடுக்க முடியும். 2025 டிசம்பர் திருத்தத்தில் அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு 80 சதவீதம் வரை எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். மீதியில் மாதப் பென்ஷன். என்னைக் கேட்டால் 80-ஐயும் எடுக்காதீர்கள். கையில் பெரிய தொகை வந்த வீட்டில் அது எத்தனை நாள் நிற்கும் என்று நமக்குத் தெரியும்.

எனக்கு ஒரு மாதம் வருகிறது, ஒரு மாதம் வருவதில்லை. எப்படி மாதாமாதம் கட்டுவது?

மாதாமாதம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? சம்பளக்காரர்களுக்காக எழுதிய அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் மூன்றாம் மாதமே விட்டுவிடுகிறோம். டெல்டாவில் பணத்துக்கு ஒரு பருவம் இருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடைப் பணம் ஊருக்குள் வரும். அந்தப் பணம்தான் கல்யாணமாக, புது வண்டியாக, பந்தல்காரருக்கும் போட்டோக்காரருக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸாகப் போகும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதம். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பைக்குள்ளேயே இருக்கும். மழைக்காலத்தில் டெலிவரிக்கு ஆர்டர் கூடும், ஆனால் ஓட்ட முடியாத நாளும் கூடும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருடம் குறுவை சுருங்கி, கடைத்தெரு முழுக்க வியாபாரம் படுத்துவிடும்.

ஆகவே குறிப்பிட்ட தொகை என்று வைக்காமல் சதவீதம் வையுங்கள். வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு. 18,000 வந்த மாதம் 1,800, 9,000 வந்த மாதம் 900. கல்யாண ஆர்டரின் மீதித்தொகை கைக்கு வந்த அன்றே, டீசல், ஆள்கூலி கழித்துவிட்டு அந்தப் பங்கை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டும் வேண்டாம், யுபிஐயும் வேண்டாம். நான்கைந்து மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை அங்கேயே இருக்கட்டும். அதுதான் ஆடிக்கும் மழைக்கும். அதற்குமேல் சேர்வது ஓய்வூதியத்துக்கு.

பிபிஎஃப் நமக்குப் பொருந்துவது இங்கேதான். அதன் கணக்காண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. மாதம் 5-ம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி. மாசி, பங்குனியில் கையில் பணம் புழங்கும் நாம், ஏப்ரல் 5-க்குள் மொத்தமாகப் போட்டால் வருடம் முழுக்க வட்டி. வராத வருடம் 500 போட்டாலும் கணக்கு நிற்கும். அடல் பென்ஷனையும் மாதத்துக்குப் பதில் காலாண்டு அல்லது அரையாண்டுத் தவணையாக வைக்கலாம், வங்கியில் சொன்னால் போதும்.

இன்னொன்று. கும்பகோணத்துக்காரர்களுக்கு 2028-ல் மகாமகம் வருகிறது. கார், லாட்ஜ், சாப்பாடு, போட்டோ என்று எல்லோருக்கும் வேலை குவியும். அந்தப் பணத்தை எங்கே போடுவது என்று இப்போதே முடிவு செய்து வைத்தால் நல்லது.

நகை இருக்கிறது, கொஞ்சம் நிலம் இருக்கிறது, சீட்டும் போடுகிறேன். அது போதாதா?

நகை நல்லதுதான், அவசரத்துக்குக் கூட்டுறவு வங்கியில் வைத்தால் அன்றே பணம். ஆனால் மாதச் செலவுக்கு அது வருமானம் தராது. விற்றால்தான் உண்டு. விற்க வீட்டில் யாருக்கும் மனசு வராது. பெண்ணுக்குப் போட வேண்டும் என்று அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

தோப்பு, நிலத்தை பென்ஷனாக நினைத்தவர்கள் 2018 நவம்பர் 16-ஐ மறந்திருக்க மாட்டார்கள். கஜா புயல் ஓர் இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பக்கம் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. வயதான காலத்தில் தேங்காய் வருமானம் என்று உட்கார்ந்திருந்தவர்கள் மறுபடி தென்னம்பிள்ளை வைத்து, காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. நிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் ஒரே ஊரில், ஒரே வானிலையை நம்பி இருக்க வேண்டாம் என்கிறேன்.

சீட்டு என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேளுங்கள். பதிவு எண், ஒப்பந்தக் காகிதம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் வீட்டுச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று நோட்டில் எழுதும் சீட்டில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடாதீர்கள். மாதம் 3, 4 சதவீத வட்டி தருகிறேன் என்று வருபவரிடம் பேச்சே வேண்டாம், அவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

திருப்பூரில் ஆறு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தேன். இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். பிஎஃப் பணத்தை எடுத்து பைக் வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. அது விதைநெல். நம் பையன்கள் திருப்பூர், சென்னை, ஓசூர் போய்த் திரும்பும்போதெல்லாம் முதலில் செய்வது இந்தப் பணத்தை எடுப்பதுதான்.

பிஎஃப்பில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று உங்கள் சேமிப்பு, இதற்கு 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி. தபால் நிலையத்தில்கூட இவ்வளவு இல்லை. வேலை விட்டாலும் 58 வயதுவரை வட்டி ஓடும். இன்னொன்று பென்ஷன் பகுதி. மொத்தம் 10 வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. உங்களுக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. பென்ஷன் பகுதியை எடுத்தால் அந்த ஆறும் அழிந்துவிடும். எடுக்காமல் அதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால், நாளை எங்கேயாவது நான்கு வருடம் வேலை பார்த்தாலும் பத்தாகிவிடும். யுஏஎன் எண்ணை (பிஎஃப்பில் உங்களுக்கான நிரந்தர எண்) எழுதி வைத்து, பழைய கம்பெனிக் கணக்குகளை அதே எண்ணோடு இணைத்துவிடுங்கள். பைக்குக்குத் தவணை கட்டிக்கொள்ளலாம்.

எனக்கு 46 ஆகிவிட்டது. அடல், மான்தன் இரண்டும் மூடிவிட்டதே?

ஆமாம், அந்தக் கதவு 40-லேயே மூடிவிட்டது. ஆனால் 60-க்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது. என்பிஎஸ்ஸில் சேர வயது தடையில்லை. பிபிஎஃப் இன்று தொடங்கினால் 61-ல் முதிரும். 60 ஆனதும் தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். இப்போதைய 8.2 சதவீதத்தில் 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். அதைக் குறியாக வைத்துச் சேருங்கள். நல வாரியப் பதிவை மட்டும் இந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

நாங்கள் நாகஸ்வரம், தவில் வாசிக்கிறோம். சுவாமிமலையில் சிற்ப வேலை செய்யும் உறவினரும் இருக்கிறார். எங்களுக்கு?

ஆப் என்ற சொல் வருவதற்கு முன்பே கச்சேரிக்குக் கச்சேரி கூலி வாங்கியவர்கள் நீங்கள். கிக் வாரியத்துக்குப் போக வேண்டியதில்லை. கிராமியக் கலை வாசிப்பவர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. நலிந்த நிலையில் உள்ள மூத்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மாத உதவி தருகிறது. சிற்ப, கைவினை வேலைக்கு அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களில் எது பொருந்தும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். இ-ஷ்ரம், அடல், 20 ரூபாய்க் காப்பீடு எல்லோருக்கும் பொது. கோயில் விழாவில் வாசித்ததற்கான ரசீது, அழைப்பிதழில் உங்கள் பெயர் வந்த பக்கம், சான்றிதழ் இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். தொழிலை நிரூபிக்க நாளை அதுதான் உதவும்.

மனைவி வீட்டில் ஆரி வேலை, தையல் செய்கிறார். என் பெயரில் இருந்தால் போதாதா?

போதாது. அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கு, தனி இ-ஷ்ரம், தனி அடல் பென்ஷன், தனி 20 ரூபாய்க் காப்பீடு. தையல் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமே உண்டு. பிளவுஸ் கூலி கணவரின் ஜிபேக்கு வந்தால் அந்த அக்காவின் உழைப்புக்குக் கணக்கே இருக்காது.

நான் ஃப்ரீலான்ஸ் டிசைனர், வரி கட்டும் அளவுக்கு வருகிறது.

அடல், மான்தன் உங்களுக்குக் கிடையாது. என்பிஎஸ், பிபிஎஃப், ஒரு நல்ல டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இந்த நான்கும் வேண்டும். முதல்வர் காப்பீட்டுக்கான வருமான வரம்பைத் தாண்டியிருப்பீர்கள் என்பதால் மருத்துவக் காப்பீட்டை இளவயதிலேயே எடுங்கள். சர்க்கரை, பிரஷர் வந்த பிறகு எடுத்தால் காத்திருப்புக் காலமும் பிரீமியமும் கூடும். பிபிஎஃப்புக்கு வரிச்சலுகை பழைய வரிமுறையில்தான். வரிச்சலுகை இல்லாவிட்டாலும் போடுங்கள்.

ஊரில் அப்பா, அம்மா இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன?

ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகையை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். தகுதி இருந்தால் தாலுகா அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து உண்டு.

எல்லாம் செய்துவிட்டேன். இன்னும் ஏதாவது?

நாமினி. கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் அம்மா பெயர் இருக்கும், அம்மா காலமாகியிருப்பார், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கணக்காக எடுத்துப் பாருங்கள். அடல் அட்டை, இ-ஷ்ரம் எண், வாரியப் பதிவு எண், யுஏஎன், பிபிஎஃப் பாஸ்புக், வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாவற்றின் எண்ணையும் ஒரே தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வையுங்கள். போனுக்குள் மட்டும் வைத்தால், போன் லாக் திறக்க ஆள் இல்லாத நாளில் அது வீட்டுக்குப் பயன்படாது. எந்தக் காப்பீட்டுக்கு எந்த வங்கிக் கிளையில் கேட்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்து, அதை வீட்டில் ஒருவருக்காவது படித்துக் காட்டிவிடுங்கள்.